சாக்கே சார்

பெரம்பலூர்ப் பக்கம் வெளிநாடு போய் வந்தவரைக் கண்டுபிடிப்பது முன்பெல்லாம் சுலபம். சிங்கப்பூர் என்றால் கோடாலித் தைலம். வளைகுடா என்றால் அத்தர், டாங் பவுடர். லெப்பைக்குடிகாட்டில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் எந்த வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். அவர்கள் நல்லவர்கள். கொண்டுவந்ததை ஊருக்குப் பங்கு வைத்துவிட்டு, பதினைந்தாம் நாள் கைலியைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். தைலம் தீர்ந்ததோடு சிங்கப்பூரும் தீர்ந்துவிடும்.

இப்போது வேறோர் இனம் கிளம்பியிருக்கிறது. இவர்கள் கம்பெனிச் செலவில் ஆறு வாரம் போவார்கள்; உடம்பு மட்டும் திரும்பி வரும். ஜெர்மனி போனவர் நம் பேக்கரி ரொட்டியைக் கையில் எடுத்துப் பெருமூச்சு விடுவார். இத்தாலி போனவர் நம் பில்டர் காப்பியைப் பார்த்து, துக்க வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசுவார். எனக்கு வாய்த்தவர் ஜப்பான்.

பெயர் வேண்டாம். நாங்கள் வேலை பார்க்கும் ஆலையில் எல்லோருக்கும் அவர் சாக்கே சார். அவர் இயந்திரப் பிரிவு, நான் கணக்குப் பிரிவு. வேலை திருச்சிப் பக்கம், அவர் வீடு எறையூரில். எறையூர் என்றால் உங்களுக்குச் சர்க்கரை ஆலை நினைவுக்கு வரும். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, காற்றே பாகு வாசம் அடிக்கும். 2022இல் சிப்காட் தொழிற்பூங்காவும் வந்தது. இப்போது உலகத்துக்கே செருப்புச் செய்யும் ஊர். அந்த ஊரில் பிறந்து 42 வருஷம் வளர்ந்த மனிதர், நகோயாவில் ஆறு வாரம் இயந்திரப் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பியபோது பஸ் கண்டக்டருக்கு இரண்டு கையாலும் சில்லறை நீட்டி, இடுப்பை வளைத்து வணங்கினார். கண்டக்டர் பயந்துபோய் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டார்.

ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம்.

"ஜப்பான்ல செருப்புப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள போக மாட்டாங்க சார். வாசல்லயே கழட்டி விட்டுருவாங்க. என்ன ஒரு பண்பாடு!" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். படிக்குக் கீழே எங்கள் செருப்புகள் வரிசையாகக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன.

தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, மூன்று வேளையும் சோறு, பெரியவரைக் கண்டால் குனிவது, காயவைத்த மீன். இதெல்லாம் எறையூரில் அவர் கண்ணில் பட்டதே இல்லை, நகோயாவில் பட்டுவிட்டது. ஒரு பொருளுக்கு ஜப்பானியப் பெயர் கிடைக்கும்வரை அதை அவரால் ரசிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவானது.

அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு புட்டி சாக்கே, ஜப்பானியரின் அரிசி மது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரண்டு லிட்டர் மதுவரை வரியில்லாமல் கொண்டுவரலாம். இவர் கொண்டுவந்தது 720 மில்லி. "கிடைச்சது அவ்வளவுதான் சார். ரொம்ப அபூர்வம்" என்றார். பெயர் டஸ்ஸாய் 23. யமகுச்சி மாகாணத்துச் சரக்கு. அது ஜப்பானிய விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளிலேயே விற்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. எறையூரில் அந்தச் சமயம் இருந்தது ஒரே புட்டிதான்.

டஸ்ஸாய் என்றால் நீர்நாயின் படையல் என்று பொருளாம். நீர்நாய் மீனைப் பிடித்ததும் தின்னாமல், கரையில் ஒவ்வொன்றாகப் பரப்பி வைக்குமாம், சாமிக்குப் படைப்பதுபோல. புத்தகங்களைச் சுற்றிலும் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறவரையும் அங்கே அப்படிச் சொல்வது உண்டு. இந்த விளக்கத்தை அவர் வாயால் கேட்டபோது நான் சிரிக்காமல் இருந்ததற்கு எனக்கே ஒரு பாராட்டு விழா எடுக்கலாம். அந்தப் புட்டி அவர் வீட்டுப் பீரோவின் மேல், போர்வை மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே 14 மாதம் நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் இறக்கிக் காட்டுவார். துடைத்துத் திரும்ப ஏற்றுவார். 2024 டிசம்பரில் சாக்கே வடிக்கும் ஜப்பானியக் கலையை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று ஆலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். புட்டியைத் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. சாக்கே குடிக்கிறவர் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. எதிரில் இருப்பவர் ஊற்ற வேண்டும். அவருக்கு நாம் ஊற்ற வேண்டும். ஆக, ஆள் தேவை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தார். "சைடிஷ் என்ன சார்?" என்று கேட்டதால் அவர் கழிக்கப்பட்டார். ஸ்டோர் கீப்பர், "மிக்சிங்குக்கு செவனப் வாங்கிட்டு வரவா?" என்றார், அவரோடு மூன்று வாரம் பேச்சில்லை. கடைசியில் நான். கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவனுக்கு யார் என்ன சொன்னாலும் மறுக்காமல் கேட்கிற பழக்கம் வந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை வந்துருங்க, அக்கவுண்டன்ட்-சான்" என்றார். சான் என்றால் அங்கே சார்.

சித்திரை மாதம். மங்கலமேட்டில் பஸ் இறங்கியபோது தார்ச்சாலை கானலில் நெளிந்துகொண்டிருந்தது. அவரே பைக்கில் வந்து அழைத்துப்போனார். வாசலில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்த அவர் மனைவி, "வாங்கண்ணே" என்று சொன்ன குரலில் ஒரு மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது. கூடத்தில் பாய். பாயில் தாழ்ந்த மணை. மணைமேல் இரண்டு பீங்கான் குப்பி, ஒரு சின்ன மரப்பெட்டி. மூலையில் அவருடைய அம்மா கால் நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் எந்நேரமும் யாராவது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

"வா சாமி. அந்தச் சாக்கு குடிக்க வந்தியா?" என்றார் அம்மா.

"சாக்கு இல்லம்மா, சாக்கே."

"குடிக்கிறதுக்கு ஒரு சாக்குதானடா. அது பூசுறதா, குடிக்கிறதா? பூசுறதுன்னா முட்டிக்குக் கொஞ்சம் குடு."

முதலில் வெப்பநிலை. சாக்கேவுக்கு ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் உண்டு. 5 டிகிரி பனிக்குளிர், 10 டிகிரி பூக்குளிர். 30 டிகிரி வெயில்சூடு, 35 மேனிச்சூடு, 40 டிகிரி நுருகான், 50 அட்சுகான். ஜப்பான்காரர்கள் இதற்காக வெந்நீரில் குப்பியை இறக்கிப் பதம் பார்ப்பார்கள். எறையூரில் சித்திரையில் பீரோவின் மேல் இருந்த புட்டி யாருடைய உதவியும் இல்லாமல் நுருகானில் இருந்தது. இது பூக்குளிரில் சாப்பிட வேண்டிய ரகமாம். பிரிட்ஜில் வைக்கலாம் என்றால் இட்லி மாவு இருக்கிற இடத்தில் அது வரக்கூடாது என்று 14 மாதமாக அம்மணியின் தடையுத்தரவு. அன்றைக்கு மட்டும் சிறப்பு அனுமதியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தார்.

மூடியைத் திருகினார். என் குப்பியில் அவர் ஊற்ற, அவர் குப்பியில் நான் இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினேன். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்தார். குப்பியில் விழுந்தது வெளிர் மஞ்சள். நான் குப்பியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வெளியே ஒரு கரும்பு வண்டி போய் முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை.

பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கோஷு!" என்றார். "வருஷக்கணக்கா பழசாக்கின சாக்கேவுக்கு அப்படிப் பேரு. மஞ்சளாத்தான் வரும். அதெல்லாம் ரொம்ப அபூர்வம், அக்கவுண்டன்ட்-சான்!"

கோஷு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அதை நிலவறைகளில், அதற்கென்றே வைத்துப் பழசாக்குவார்கள். பீரோவின் மேல் அல்ல. நல்ல சாக்கேவை வெக்கையில் விட்டால் நிறம் ஏறி, முள்ளங்கி ஊறுகாய் வாசம் அடிக்கும். அதற்கும் ஜப்பானில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அது பாராட்டு இல்லை. "மூக்குல பேரிக்காய் வருதா? முலாம்பழம்?" என்று கேட்டார். எனக்கு முள்ளங்கி வந்தது. "வருது சார்" என்றேன்.

இரண்டாவது மிடறுக்கு முன் அரிசியைப் பற்றிய உரை. இந்தப் பகுதியை நான் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளைக் கேலி செய்யலாம், விஷயம் அசலானது. கரும்புப் பாகில் சர்க்கரை தயாராக இருக்கிறது. ஈஸ்ட் விழுந்தால் போதும், சாராயம் ஆகிவிடும். அரிசியில் இருப்பது மாவு. மாவை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். அதற்கு ஜப்பான்காரர்கள் வேகவைத்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். ஒரே தொட்டியில் பூஞ்சணம் மாவைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்க, இரண்டும் சேர்ந்து நடக்கும். காய்ச்சி இறக்காமலே 15, 16 சதவீதம் வந்துவிடும். அரிசியின் மேற்பகுதியில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் வாசம் கெடும் என்று தீட்டுவார்கள். பாதிக்குப் பாதி தீட்டினால் டைகின்ஜோ. இந்தப் புட்டியில் 23 என்று போட்டிருப்பது, ஒவ்வொரு மணியிலும் 77 சதவீதத்தைத் தீட்டி எடுத்துவிட்டு மிச்சமிருக்கும் 23 சதவீதத்தில் வடித்தது என்பதற்காக.

வெங்காயம் உரிப்பது நின்றது.

"முக்காவாசிய தீட்டிப்புட்டானுங்களா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. உள்ள இருக்கிற முத்து மாதிரி மட்டும்."

"அந்தத் தவுடு?"

சாக்கே சாருக்கு இதற்கு விடை தெரிந்திருந்தது. முறுக்கு மாதிரி அரிசிப் பலகாரம் செய்வார்கள், ஊறுகாய் போடுவார்கள், தீவனத்துக்கும் போகும் என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. மாடு சாப்பிடுகிறது என்றால் அது நாகரிகமான நாடுதான்.

அந்த நேரத்தில் எனக்கு வேண்டாத ஒரு ஞாபகம் வந்தது. கல்லூரியில் தமிழ் விருப்பப்பாடம் எடுத்தவன் நான். "சார், நம்மகிட்டயும் இருந்திருக்கு. பெரும்பாணாற்றுப்படையில உருத்திரங்கண்ணனார் செய்முறையே சொல்லியிருக்கார். அரிசியைக் களியாத் துழாவி, அகலமான தட்டுல ஆறவச்சு, புத்துக்குள்ள இருக்கிற கறையான் கூடு மாதிரி இருக்கிற முளையடையைச் சேத்துப் பிசைஞ்சு, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி வச்சு எடுப்பாங்க. வீட்டுல வடிச்ச அரிசிக் கள்ளுக்குத் தோப்பின்னே பேரு" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். முகத்தில் ஒரு ஆர்வம்கூடத் தெரிந்தது.

"அரிசி எத்தனை சதவீதம் தீட்டினது?"

"தீட்டாத அரிசின்னுதான் இருக்கு சார்."

"ப்ச்" என்றார். இரண்டாயிரம் வருஷம் அந்த ஒற்றைச் சத்தத்தில் முடிந்தது.

மரப்பெட்டிக்குப் பெயர் மாசு. அதில் குப்பியை வைத்துத் ததும்ப ஊற்றுவது ஒரு மரியாதை. அவர் எழுந்து போன சமயத்தில் அம்மா அதை எடுத்து உள்ளே விரல்விட்டுப் பார்த்து, "ஆழாக்கு மாதிரில்ல இருக்கு" என்றார். சொன்னது சரி. மாசு அடிப்படையில் அளவுப்பெட்டிதான். அரிசி அளப்பதற்கு வந்தது, பிறகு சாக்கேவுக்குப் போனது. ஒரு கோ என்ற அந்த அளவு 180 மில்லி. நம் ஆழாக்கு 168. ஜப்பானில் இன்றைக்கும் குக்கரோடு தரும் அரிசிக் கோப்பை 180 மில்லிதான். அதோடு நிற்கவில்லை. 720 மில்லிப் புட்டி என்பது நாலு கோ. டாஸ்மாக்கில் நாலு குவார்ட்டர் எவ்வளவோ அவ்வளவு. குடிகாரர்களுக்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு என்று எனக்குத் தோன்றியது. கணக்குப் பிரிவுக்காரன் என்ற முறையில் ஒரு சந்தோஷம். சொல்லவில்லை. குவார்ட்டர் என்ற சொல்லை அந்த மணைமுன் உச்சரித்தால் ஸ்டோர் கீப்பர் கதிதான்.

இனி சுஷி.

பச்சை மீன் வீட்டுப்படி ஏறாது என்று அம்மணி முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பச்சையாகத் தின்னும் மீனை உறையவைத்துப் புழுவைக் கொல்ல வேண்டும். ஏரிக் கெண்டையை அப்படியே கடித்தால் கல்லீரலுக்குள் குடித்தனம் வந்துவிடும். ஆகையால் வெள்ளரிக்காயும் முட்டையும். திருச்சியில் வாங்கிய கடற்பாசித் தாள், பச்சை நிற வசாபிக் குழாய். அந்தக் குழாயில் இருப்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய வேறொரு காரக்கிழங்கு என்பதை அவர் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் அதைக் காணிக்கை போலத் தொட்டு வைத்தார். ஜப்பான் அரிசி கிடைக்காததால் பச்சரிசியைக் குழைய வடித்து, வினிகரும் சர்க்கரையும் விட்டு, விசிறி வைத்து விசிறி ஆற்றியிருந்தார். விசிறியது அவருடைய மகள், பத்து வயசு. கை வலிக்கிறது என்று இரண்டு முறை முறையிட்டாள்.

"அப்பாயி, இது சுஷி" என்று மகள் ஒன்றை எடுத்துப் பாட்டியிடம் நீட்டினாள்.

"சுசியமா? குடு ஆத்தா."

வாயில் போட்டார். பூரணம் எங்கே என்று நாக்கு தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு, "சோறு ஊசிப்போச்சுடி" என்றார்.

சாக்கே சார் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! சுஷின்னாலே புளிப்புன்னுதான் அர்த்தம்! அம்மா நாக்கு ஜப்பான்காரன் நாக்கு!" அந்தக் காலத்தில் மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவைத்து, மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். பிவா ஏரிப்பக்கம் இன்னும் அப்படிச் செய்கிறார்கள். சோற்றை எறிவது என்ற செய்தி அம்மாவின் மனத்தில் ஜப்பானை மறுபடி கீழே தள்ளிவிட்டது. இன்றைய கைப்பிடிச் சுஷி 1820களில் எடோ நகரில், இன்றைய டோக்கியோவில், பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். தெருவோரக் கடைகளில் நின்றபடி வாங்கி, கையால் எடுத்து விழுங்கிவிட்டுப் போகிற சாப்பாடு. "அப்ப நம்ம பரோட்டாக் கடை மாதிரிங்களாண்ணே?" என்று அம்மணி என்னிடம் கேட்டார். கணவரிடம் கேட்பதை அவர் நிறுத்தி நாளாகிவிட்டது.

எனக்குப் பசித்தது. வெள்ளரிக்காய் உருண்டை ஆறு தின்றும் பசித்தது. அதை அம்மணி கவனித்திருக்க வேண்டும். அடுக்களையில் சுறுசுறுவென்று ஒரு சத்தம், பிறகு அந்த வாசம். நெத்திலிக் கருவாடு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய். ஒரு தட்டு நிறைய வறுத்து, அந்த மணைமேல், பீங்கான் குப்பிகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. 14 மாதத் தவம். பூக்குளிர். பேரிக்காய் வாசம். இதன்மேல் கருவாடு!

சாக்கே சார் தட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். நான் பஸ் நேரத்தை நினைத்துப் பார்த்தேன்.

"ஹிமோனோ!" என்றார், கண்ணைத் திறந்து.

காயவைத்த மீனுக்கு அங்கே அதுதான் பெயராம். சாக்கேவோடு தின்ன அதைவிடப் பொருத்தமானது வேறில்லையாம். மதுவோடு தொட்டுக்கொள்வதற்கு சக்கனா என்று சொல். அந்தச் சொல்தான் கடைசியில் மீனுக்கே பெயராகிவிட்டது. சொல்லிக்கொண்டே ஒரு பிடி அள்ளினார். அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் அவர் எதையும் விளக்கவில்லை. அந்த வீட்டில் 14 மாதத்தில் அதுவே மிக நீண்ட மௌனம் என்று அம்மணியின் முகம் சொன்னது.

மூன்றாவது குப்பியில் உண்மை வந்தது. நகோயாவில் அவருக்குப் பயிற்சி கொடுத்த ஜப்பானியர் என்ன குடிப்பார் என்று கேட்டுவிட்டேன்.

"பீரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "சில நாள் விஸ்கி சோடா."

"சாக்கே?"

"வழியனுப்பு விருந்துல ஒரு தடவை. எனக்காக வாங்குனாங்க. சுஷிக்கு சாக்கே கேட்டேன். அவரு சிரிச்சாரு. சோத்துக்குச் சோறாய்யான்னு."

அங்கே சாக்கே விற்பனை 1970களில் உச்சிக்குப் போய், அன்றிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இளவட்டங்கள் தொடுவதில்லை. வெளிநாட்டுக்காரர்கள்தான் தேடி வாங்குகிறார்கள். இதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தம் நிஜமானது. ஊரில் கள்ளிறக்குவது நின்றுபோனதைப் பற்றி அவர் அப்பா பேசும்போது இதே குரல்தான் வருமாம், அம்மா சொன்னார்.

கிளம்பும்போது அம்மா மாசுப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ராத்திரிச் சோற்றுக்கு அதில் மூன்று பெட்டி அரிசி அளந்து போட்டுவிட்டதாக மகள் ரகசியமாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆலையில் செய்தி பரவிவிட்டது. "அக்கவுண்டன்ட்-சானும் நானும் நேத்து ஹிமோனோவோட கோஷு எடுத்தோம்." எலக்ட்ரீஷியன் என்னைத் தனியாக அழைத்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். கேன்டீனில் அன்றைக்கு மோரும் நீராகாரமும் வைத்திருந்தார்கள். சாக்கே சார் நீராகாரத்தைத் தள்ளிவிட்டு மோர் எடுத்தார். அரிசியைக் கோஜி போட்டு இனிக்கவைத்த பானத்துக்கு ஜப்பானில் அமாசாக்கே என்று பெயர். அவருக்குத் தெரியும், எனக்கே அவர்தான் சொன்னார். நீராகாரத்துக்கு இன்னும் அங்கிருந்து பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

திறந்த சாக்கேவைப் பிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அந்தப் புட்டி பாதிக்கு மேல் மீதியோடு மறுபடி பீரோவின் மேல் ஏறி இது நாலாவது மாதம். அவர் அடுத்த சக ஊழியரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு கையாலும் எதையாவது நீட்டி உங்களை யாராவது எறையூருக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய்வாருங்கள். அந்த வீட்டுக் கருவாடு அருமை. புட்டி இறங்கும்போது மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயர் என்று அவரே சொல்வார்.